மஞ்சள் உடையாமல்

அத்தியாயம் பதினொன்று

கல்லில் விழுந்த வேகத்திலேயே மஞ்சள் உடைந்து பரவியது.

தையல்நாயகி தோசைத் திருப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். காலையிலிருந்து இது மூன்றாவது முட்டை. முதலாவது அடியில் தீய்ந்துபோனது. இரண்டாவதில் மஞ்சள் உடையவில்லைதான். ஆனால் வெந்து கெட்டியாகிவிட்டது. கரண்டி பட்டதும் பொடி பொடியாக உதிர்ந்தது. இப்போது இது.

அடுப்பில் சவுக்கு விறகு சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது.

உள் அறையிலிருந்து சத்தம் வந்தது. அதைக் குரல் என்று சொல்ல முடியாது. தொண்டைக்குள் வளர்ந்திருந்த கட்டியைச் சுற்றிக்கொண்டு எப்படியோ வெளியே வந்த காற்று.

"தையலு... ஓப்லா..."

ஓப்லா என்றால் இந்த முட்டைதான். சைகோனிலிருந்து திரும்பி வந்த புதிதில் தட்சிணாமூர்த்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. வெள்ளை வெந்திருக்க வேண்டும், மஞ்சள் வேகக் கூடாது, ரொட்டியை விட்டுத் தொட்டால் ஒழுக வேண்டும். "அங்க எல்லாம் காலையில இதான் துன்னுவோம்" என்றான். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துப் பேச்சு போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்போதெல்லாம் மஞ்சள் உடைந்தாலும், வெந்து போனாலும், அவன் ஒன்றும் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே தின்றுவிட்டுப் போவான்.

இப்போது சோறு இறங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிப்போய் அவர் ஆசைப்படுவதைக் கொடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

உடைந்ததையே கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கயிற்றுக் கட்டிலில் அவன் கிடந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், சொல்தா தட்சிணாமூர்த்தி என்றால் முத்தியால்பேட்டையில் ஒரு காலத்தில் தெருவே எட்டிப் பார்க்கும். அந்தத் தோளும் மார்பும் எங்கே போயினவோ, போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"இந்தாங்க. கொஞ்சம் வாயத் தொறங்க."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலப் பார்த்தான். உதட்டில் வைத்த முட்டையை நாக்கால் தள்ளினான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இந்தப் பார்வைதான் அவளை அறுத்தது.

போன வாரம் அவளுடைய அண்ணன் கண்ணையன் கொண்டுவந்து கொட்டிய செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சைகோனிலிருந்து மெட்ராசுக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு பெண் குழந்தையோடு ஒருத்தி குருசுக்குப்பத்தில் வந்து இறங்கியிருக்கிறாள். அந்த ஊர்க்காரி. 'சொல்தா தட்சிணாமூர்த்தி வீடு எது' என்று கேட்டிருக்கிறாள். மில்லில் வேலை செய்யும் ஒருவன் மூலம் விஷயம் கண்ணையன் காதுக்கு எட்ட, அவன் நேரே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தான்.

"வெரட்டிட்டேன். இனிமே இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்க மாட்டா. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத" என்று மட்டும் சொன்னான்.

வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? ஒன்பது வருஷம். கல்யாணமான மறு மாசம் கப்பலேறிப் போனவனுக்காக, பிறந்த வீட்டு வாசலில் ஒன்பது வருஷம் காத்திருந்தாள். வந்து சேர்ந்தபோது பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்து வாழ்ந்தது இரண்டே வருஷம். பிள்ளை இல்லை. இருந்தாலும், 'என்னைத் தேடித்தானே வந்தான்' என்ற ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மீன் கூடையோடு வாசலில் வந்து நின்ற அஞ்சலாட்சி, உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். பக்கத்து வீட்டுக்காரி. குருசுக்குப்பம் தெருக்களில்தான் அவள் காலை வியாபாரம்.

"இன்னிக்காவது எதாச்சும் எறங்குச்சா?"

"இல்லக்கா."

"நான் சொன்னா நீ கோச்சுக்குவ. அந்தச் சீமைக்காரி இன்னும் போவல. ராஜாம்பாள் வூட்டு வாசல்ல ஒக்காந்துனு இருக்குது. நானே பாத்தேன்."

தையல்நாயகி கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாய்ச் சேர்ந்து ஆறிப்போய், மேலே எண்ணெய் ஆடை கட்டியிருந்தது.

"அக்கா, கொஞ்ச நேரம் இவரப் பாத்துக்கிறியா? ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துட்றேன்."

"எங்க போற?"

தையல்நாயகி முகத்தைக் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முட்டை எப்படிச் செய்வது என்று கேட்கத்தான் போகிறேன், வேறு எதற்கும் இல்லை என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

* * *

ராஜாம்பாளும் சொல்தா பெண்சாதிதான். அவள் புருஷன் சைகோனிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். குருசுக்குப்பத்தில் கடலுக்குக் கிட்டே இருந்த அந்தச் சின்ன வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள்.

வாசற்படியில் ஒரு சிறுமி உட்கார்ந்து மணலைக் குவித்துக் கலைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது இருக்கும். நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணியை நாடா போலக் கட்டி, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தது. மூக்கும் கண்ணும் யாரோ போல இருந்தன. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது அந்த நெற்றியும், மேலே ஏறிய ஒற்றைப் புருவமும் தட்சிணாமூர்த்தியை உரித்து வைத்திருந்தன.

தையல்நாயகி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா?" என்று கேட்டபடி ராஜாம்பாள் வெளியே வந்தாள். ஆளை அடையாளம் கண்டதும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி மகளே... இன்னா இது, நெத்தியில பொட்டோட..."

"ஏன், பொட்டு வைக்காம?"

ராஜாம்பாள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவள் வந்தாள். தலையிலிருந்து கால் வரை வெள்ளை. அவள் நெற்றியிலும் அதே வெள்ளைத் துணி. ஒடிசலான உடம்பு. அழுது அழுது கண் இரண்டும் கீறல் போல ஆகியிருந்தன. பெயர் லான் என்று ராஜாம்பாள் சொன்னாள்.

"நான் தட்சிணாமூர்த்தி சம்சாரம்" என்றாள் தையல்நாயகி.

லான் இரண்டு கையையும் கூப்பினாள். "தெரியும், அக்கா. ஊர்ல பெரிய சம்சாரம் இருக்காங்கன்னு அவரு சொல்லியிருக்காரு. நான் சண்டைக்கு வரல. கொழந்தைய அப்பாட்ட காட்டலாம்னு வந்தேன். லேட்டா வந்துட்டேன்."

தமிழ் அவள் வாயில் தத்தித் தத்தி வந்தது. ஆனால் 'காட்டலாம்னு' என்று சொன்ன விதம் அப்படியே அவன் சொல்வது போல இருந்தது.

"லேட்டுன்னா?"

"அவரு செத்துட்டாரு. உங்க அண்ணன் வந்து சொன்னாங்க. எரிச்சாச்சு, ஒண்ணும் இல்ல, போயிடுன்னாங்க."

கடல் காற்றில் தென்னோலை ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. தையல்நாயகி ராஜாம்பாளைப் பார்த்தாள்.

"என்னைப் பாத்தா?" என்றாள் ராஜாம்பாள். "ஆஸ்பத்திரியில கெடக்கிறாருன்னுதான் கேள்விப்பட்டேன். உன் கூடப் பொறந்த அண்ணனே வந்து செத்துட்டான்னு சொல்றப்ப நான் இன்னாத்தக் கண்டேன்? இதுங்க ரெண்டும் அன்னிக்கிக் கட்டின வெள்ளைத் துணி. அவங்க ஊர்ல அப்படியாம்."

உயிரோடு இருக்கிற மனிதனுக்கு இங்கே துக்கம் நடந்துகொண்டிருந்தது. அதுவும் அவளுடைய அண்ணன் சொன்ன பொய்யால்.

அப்படியே திரும்பிப் போய்விடலாம். ஒரு வார்த்தை பேச வேண்டாம். இவள் அழுதுவிட்டு வந்த வழியே கப்பலேறிப் போய்விடுவாள். அண்ணன் நினைத்தது நடந்துவிடும். தையல்நாயகி ஒரு படி இறங்கவும் செய்தாள். அந்தச் சிறுமி மணலை விட்டுவிட்டு, புருவத்தைத் தூக்கி அவளையே பார்த்தது.

"சாவல" என்றாள் தையல்நாயகி. "இருக்காரு."

லான் புரியாமல் நின்றாள்.

"உயிரோட இருக்காரு. தொண்டையில கட்டி. சாப்பாடு எறங்கல. முட்டை கேக்குறாரு. ஓப்லாங்கிறாரு. எனக்குச் செய்யத் தெரியல. எப்படிச் செய்யறதுன்னு சொல்லு. அதுக்குத்தான் வந்தேன்."

லான் படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பிறகு மகளை இழுத்து மடியில் போட்டு, அதன் தலையில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். துணி கிழிந்து வந்தது.

"சொன்னா வராது, அக்கா" என்றாள். "ஒரு தடவ நான் செஞ்சி காட்டறேன். அப்புறம் போயிட்றேன்."

* * *

தையல்நாயகி முன்னால் நடந்தாள். அவர்கள் பின்னால் வந்தார்கள். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் லான் நேரே நோயாளி அறைக்குப் போவாள் என்று நினைத்தாள். அவள் போகவில்லை. அறை வாசலில் நின்று கட்டிலை ஒரு முறை பார்த்தாள். அவன் கண்ணை மூடிக் கிடந்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டாள்.

அஞ்சலாட்சி வாயைப் பிளந்தபடி வெளியே போய் நின்றுகொண்டாள்.

லான் எரிகிற விறகை எல்லாம் வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். தணல் மட்டும் உள்ளே கிடந்தது. தோசைக்கல்லை ஒதுக்கிவிட்டுச் சின்ன இரும்புச் சட்டி ஒன்றைத் தேடி எடுத்தாள். எண்ணெய் விட்டாள். எண்ணெய் சிறிது சூடானதும் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள், குழந்தைக்குப் பால் பார்ப்பது போல. முட்டையை நேரே சட்டியில் உடைக்கவில்லை. கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தைச் சட்டியின் விளிம்பில் சாய்த்தாள். முட்டை சத்தமே இல்லாமல் வழுக்கி இறங்கியது.

"தீ பெருசா இருந்தா முட்டை பயந்துரும்" என்றாள். "அவரு சொல்லுவாரு."

ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடினாள். கொஞ்ச நேரத்திலேயே இறக்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"வேகல இன்னும்" என்றாள் தையல்நாயகி.

"வேகலன்னு தோணும்போதே எறக்கணும், அக்கா. மீதி அதுவே வெந்துக்கும்."

மூடியைத் திறந்தபோது வெள்ளை பளிங்கு போல இறுகியிருந்தது. நடுவில் மஞ்சள் ததும்பிக்கொண்டு நின்றது. மேலே மெல்லிய ஆடை. தையல்நாயகி இரண்டு வருஷம் முயன்றும் ஒரு நாளும் இப்படி வந்ததில்லை.

லான் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்ன மீன் சாற்றுக் குப்பியை எடுத்தாள். திறந்ததும் கருவாட்டு வாடை அடுப்பங்கரையை நிறைத்தது. சுண்டு விரலை அதில் தொட்டு, மஞ்சளின் மேல் லேசாக வைத்தாள்.

உள் அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

தன்னால் திரும்பிப் படுக்கக்கூட முடியாதவன், வாசற்பக்கம் புரண்டு படுத்திருந்தான். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

லான் கட்டிலோரம் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். சிறுமியை முன்னால் தள்ளினாள். தட்சிணாமூர்த்தியின் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. அது குழந்தையின் தலையைத் தொட்டு, அங்கேயே கிடந்தது.

"சுலோசனா" என்றாள் லான். "அப்பா வச்ச பேரு. அப்பாட்ட சொல்லு."

சிறுமி அவன் கால் கட்டை விரலை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டில் முனையில் உட்கார்ந்துகொண்டது.

லான் மஞ்சளைக் கரண்டி முனையால் குத்தி, ஒழுகியதை எடுத்து அவன் உதட்டில் வைத்தாள். அவன் வாயைத் திறந்தான். விழுங்கினான். தொண்டை ஏறி இறங்கியபோது வலியில் கண்ணோரம் நீர் வந்தது. ஆனாலும் மறுபடி வாயைத் திறந்தான்.

தையல்நாயகி சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். புருஷன் சாப்பிடுகிறானே என்ற நிம்மதி ஒரு பக்கம். அந்தக் கரண்டியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல ஒரு பக்கம். 'என் வீட்டு முட்டை, என் வீட்டுச் சட்டி' என்று என்னென்னவோ மனசுக்குள் ஓடியது.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மில்லில் வேலை முடிந்து கண்ணையன் வந்துவிட்டான். தெருவிலேயே யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"தையலு!" என்று கத்தினான்.

"இன்னாண்ணே" என்றாள் தையல்நாயகி.

"ஆங்" என்றாள் லான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லானின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அதன் முனையிலிருந்து மஞ்சள் ஒரு சொட்டு போர்வையில் விழுந்தது.

"அக்கா... அவங்க யாரக் கூப்புட்டாங்க?"

"என்னைத்தான்."

"உங்க பேரு..."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று கூடத் தோன்றியது. ஆனால் நாக்கு அதற்குள் முந்திக்கொண்டது.

"தையல்நாயகி. வூட்ல தையலும்பாங்க."

லான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, யாருக்கும் இல்லாமல் காற்றோடு பேசுவது போலப் பேசினாள்.

"எனக்கு அவரு வச்ச பேரு அது. கல்யாணத்தன்னிக்கு, இனிமே நீ லான் இல்ல, தையலுன்னாரு. அப்படின்னா இன்னான்னு கேட்டேன். தமிழ்ல பொண்டாட்டின்னு அர்த்தம்னாரு."

கண்ணையன் கோபமாக வந்தவன், ஒன்றும் புரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஒன்பது வருஷமும் அவன் தன் பெயரை அங்கே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது தையல்நாயகிக்கு மெல்ல உறைத்தது. மறக்கவில்லை. தினம் கூப்பிட்டிருக்கிறான். ஆனால் கூப்பிட்டவுடன் வந்து நின்றவள் வேறு ஒருத்தி. அப்படியானால், இங்கே இத்தனை நாளாகக் காய்ச்சலில் 'தையலு தையலு' என்று முனகினானே, அது?

லான் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். கட்டிலில் கிடந்தவனைக் குனிந்து பார்த்து அவர்கள் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பிறகு செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், கண்ணையனைத் தாண்டி, மதிய வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். மகள் அங்கே உட்கார்ந்திருப்பதே அவளுக்கு நினைவில்லை.

"போய்த் தொலையட்டும்" என்றான் கண்ணையன். "இந்தச் சனியனையும் கையோட கூட்டினு போவச் சொல்லு."

"செத்துட்டாருன்னு ஏண்ணே சொன்ன?"

அவன் திடுக்கிட்டான். "உனக்காவத்தான். ஒம்போது வருசம் உன்ன வச்சிக் காவந்து பண்ணினவன் நான். நாளைக்கு அவ வந்து நானும் பொண்டாட்டின்னு தல மாட்டுல ஒக்காந்தா, ஊரு உன்ன இன்னான்னு பேசும்?"

"உயிரோட இருக்கிற மனுசனப் போயி... எரிச்சாச்சுன்னு சொல்ல உனக்கு எப்படிண்ணே வாய் வந்துச்சு?"

கண்ணையன் வெளியே போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

தையல்நாயகி தரையிலிருந்த கிண்ணத்தை எடுத்தாள். பாதி மீதி இருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்தாள். அவன் வாயைத் திறந்தான். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக மூடி விழுங்கினான். கிண்ணம் காலியாயிற்று. வாயைத் துடைத்துவிட்டாள்.

"தையலு..." என்றான்.

அவளுக்குள் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பொங்கியது.

"எந்தத் தையலு?" என்று கேட்டாள். "யாரக் கூப்புடுறீங்க? சொல்லுங்க. என்னையா, அவளையா?"

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பதில் இருந்ததா, வலி மட்டும் இருந்ததா, அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள். வயிற்றில் ஏதோ இறங்கியிருக்கிறது, தூங்கட்டும் என்று விசிறிக்கொண்டே இருந்தாள். வெயில் சன்னலை விட்டு இறங்கி, சுவரில் ஏறியது. சிறுமிதான் முதலில் சொன்னது. அவன் கால் விரலை அது இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

"அப்பா கால் சில்லுனு இருக்கு."

* * *

அஞ்சலாட்சி ஓடி வந்தாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி ராகம் எடுக்கப் போனாள்.

"யாரும் அழக் கூடாது" என்றாள் தையல்நாயகி.

அவர்கள் விழித்தார்கள்.

"இன்னும் ஒருத்தி வரணும். அவ வந்தப்புறம்தான்."

அவள் வாசலுக்கு வந்தாள். கண்ணையன் சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"அண்ணே. நீ அன்னிக்குச் சொன்னது இப்ப நெசமாயிடுச்சு. போயி மறுபடியும் சொல்லு. கையோட கூட்டினு வா."

அவன் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

போனவன் பொழுது சாயும் நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தான்.

"ராஜாம்பாள் வூட்டுக்கு அவ போவவே இல்லியாம். பஸ் நிக்கிற எடத்துல பாத்துட்டேன். கோயில் பக்கம் பாத்துட்டேன். எங்கயும் இல்ல, தையலு."

முதல் முறையாக அந்தப் பெயர் அவள் காதில் சொந்தமில்லாத பெயர் போல விழுந்தது.

உள்ளே போனாள். புருஷன் தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். மூலையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிறுமியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனமே இல்லை. பெண்களை விலக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

"அடியே, புருசன் பொணத்தப் போட்டுட்டு எங்கடி போற?" என்று அஞ்சலாட்சி அலறினாள். "ஊர் சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும்க்கா. வெளக்கு அணையாம பாத்துக்க."

தெரு முனையில் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கடைத்தெருவுக்கு, ஒன்று கடலுக்கு. தையல்நாயகி நின்றாள்.

"உங்கம்மா எந்தப் பக்கம் போயிருப்பா, கண்ணு?"

சிறுமி யோசிக்கவே இல்லை. கையை நீட்டி, அலைச் சத்தம் வந்த பக்கம் காட்டியது.